கைநாட்டுக்கு யார் பொறுப்பு?

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவி)



போன வருஷம் ஆண்டு விழாவில் சீனியர் அண்ணன்கள் போட்ட நாடகம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு கிழவர் பேங்குக்கு வருவார். மேனேஜர் கையெழுத்துப் போடச் சொல்லுவார். கிழவர் கட்டைவிரலை மையில் அமுக்கி, பேப்பரில் வைப்பதற்குப் பதிலாக மேனேஜரின் வெள்ளைச் சட்டையில் வைத்துவிடுவார். அவ்வளவுதான், ஹாலே அதிர்ந்தது. விசில் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. நானும் சிரித்தேன். பொய் சொல்லக் கூடாது, கண்ணில் தண்ணி வருகிற அளவுக்குச் சிரித்தேன்.

ராத்திரி விடுதியில் படுத்த பிறகுதான் உறுத்தியது. அந்த மேடைக்கு எதிரே, பெற்றோர் வரிசையில், நம்மில் பாதிப் பேருடைய அப்பா அம்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். எதை நினைத்துச் சிரித்தார்கள் என்று யோசித்தால் இப்போதும் எனக்கு என்னவோ போல இருக்கிறது.

"டேய் கைநாட்டு!" என்று நாம் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுகிறோம். வைவாவில் பதில் தெரியாமல் முழித்தால் அந்தப் பெயர். 'தற்குறி' என்ற சொல்லும் அப்படித்தான். அகராதியில் பார்த்தேன். எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாகப் போடும் அடையாளம்தான் தற்குறி. தன் குறி, தற்குறி. எவ்வளவு கௌரவமான சொல்! அதைப் போட்ட ஆளுக்கே பெயராக்கி, பிறகு வசவாகவும் ஆக்கியது யார்? எழுதத் தெரிந்தவர்கள்தான். வேறு யாரால் முடியும்?

மலர்க் குழுவில் என்னிடம் கவிதைதான் கேட்டார்கள். "நிலா, மழை, நட்பு, எதுவானாலும் சரி" என்றார்கள். எனக்குக் கவிதை வராது. ஆனால் எழுத வேண்டியது ஒன்று நெஞ்சில் கிடக்கிறது. அதை எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம். அப்பா கொத்தனார். ஐந்தாவது வரை போனவர். பஸ் போர்டு படிப்பார், அதற்கு மேல் இல்லை. அம்மா சித்தாள், பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லை. எங்கள் வீட்டில் பத்தாவது பாஸ் பண்ணிய முதல் ஆள் நான்தான். அப்பத்தாவுக்கு மட்டும் கையெழுத்துப் போடத் தெரியும். 1991-ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பகலெல்லாம் களை எடுத்துவிட்டு ராத்திரியில் லாந்தர் வெளிச்சத்தில் படித்ததாம். அப்போது எங்கள் மாவட்டத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகினார்களே, அதில் அப்பத்தாவும் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. இயக்கம் முடிந்த பிறகு படிக்கப் புத்தகமும் இல்லை, நேரமும் இல்லை. எழுத்தெல்லாம் மறந்துபோச்சு. தன் பெயர் மட்டும் மறக்கவில்லை. ஐந்து எழுத்து. நாக்கைக் கடித்துக்கொண்டு, கோலம் போடுகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக எழுதும்.

அந்த ஐந்து எழுத்தில்தான் மாட்டிக்கொண்டோம்.

2023 ஜூன். எனக்கு இங்கே இடம் கிடைத்துவிட்டது. பீஸ், விடுதி முன்பணம், யூனிஃபார்ம், மினி டிராஃப்டர் என்று செலவு வரிசை கட்டி நின்றது. வீட்டில் ஓடும் மாற்றியாக வேண்டும், மழைக்கு முன்னால். டவுனில் ஒரு பைனான்ஸ் இருக்கிறது. பட்டா அப்பத்தா பேரில் இருப்பதால் கடனும் அப்பத்தா பேரில். பைனான்ஸ் ஆள் எங்கள் திண்ணைக்கே வந்துவிட்டார்.

"அறுபதாயிரம் அப்பத்தா. நூத்துக்கு ரெண்டு வட்டி. மாசம் மூவாயிரத்து எழுநூறு, இருபத்து நாலு மாசம். அவ்வளவுதான்" என்று சொல்லிக் காகிதக் கட்டைப் பிரித்தார். பதினெட்டுப் பக்கம். அத்தனையும் இங்கிலீஷ், எறும்பு மாதிரி எழுத்து. பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் அப்பத்தா தன் கோலத்தைப் போட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம். அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டே, "கைநாட்டா வச்சிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்றார். அப்பத்தாவுக்கு வந்ததே கோபம்! "நான் அறிவொளியில படிச்சவடா" என்றது. எல்லோரும் சிரித்தோம்.

கடைசிப் பக்கம் வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, நீ படிச்ச பொண்ணுதானே? இங்க ஒரு கையெழுத்துப் போடு. சாட்சி மாதிரி." அப்பா முகத்தில் அப்போது தெரிந்த பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் போட்டேன். இங்கிலீஷில், ஸ்டைலாக, கீழே ஒரு கோடும் இழுத்து.

படித்தேனா? இரண்டு வரி பார்த்தேன். தமிழ் மீடியம் நான். 'ஹியர் இன் ஆஃப்டர்' என்று ஒரு வார்த்தை, அங்கேயே நின்றுவிட்டேன். "எனக்குப் புரியலை" என்று சொல்லியிருக்கலாம். திண்ணையில் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையை ஆட்டிவிட்டேன்.

பிராசசிங், இன்சூரன்ஸ் என்று 4,200 ரூபாய் பிடித்துக்கொண்டு 55,800 ரூபாய் கையில் கொடுத்தார்கள். பிற்பாடு கால்குலேட்டரை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அசல் மாதா மாதம் குறைந்துகொண்டே வருகிறது, வட்டியோ கடைசி வரை அறுபதாயிரத்துக்கும் போடப்பட்டிருக்கிறது. கையில் வந்த பணத்துக்கு உண்மையான வட்டி மாதம் நூத்துக்கு நாலுக்கும் கொஞ்சம் மேலே வருகிறது. "ரெண்டு" என்று அவர் சொன்னதைப் பொய் என்றும் சொல்ல முடியாது, நிஜம் என்றும் சொல்ல முடியாது.

பதினேழு தவணை நாள் தவறாமல் கட்டினோம். 2024 டிசம்பரில் அப்பா சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. தவணை நின்றது. 2025 மார்ச்சில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அப்பத்தா புரோநோட்டு எழுதிக் கொடுத்து ஒரு லட்சம் ரூபாய் கடன் வாங்கியதாகவும், அதை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. ஒரு லட்சமா? யார் வாங்கியது? அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் காகிதக் கட்டின் நடுவே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு நிரப்பாத புரோநோட்டும் இருந்திருக்கிறது. ஸ்டாம்பின் மேலே அதே ஐந்து எழுத்து.

அப்பத்தா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "வீட்டை எடுத்துருவாகளாத்தா?" என்று என்னிடம்தான் கேட்டது. நான்தானே படிச்சவ!

நம் ஆசிரியர் ஒருவர் வழி சொன்னார். கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு என்று ஒன்று இருக்கிறது. 1987-ஆம் வருடச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிலாளர்கள், ஊனமுற்றோர் ஆகியோருக்கும் உண்டு. 15100 என்று ஒரு போன் நம்பரும் இருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? நம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான் தெரிந்திருக்கவில்லை.

எங்களுக்குக் கிடைத்த வக்கீல் அம்மா, பைனான்சிடம் பத்திரங்களின் நகலைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு பக்கமாகப் படித்துக்கொண்டே வந்தவர் கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இங்க என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'இந்தப் பத்திரத்தில் உள்ள எல்லா விவரங்களையும் கடன் வாங்குபவருக்குத் தமிழில் படித்துக் காட்டி விளக்கினேன், அவர் முழுமையாகப் புரிந்துகொண்ட பிறகே கையெழுத்திட்டார்'. இப்படி இங்கிலீஷ்ல இருக்கு. கீழே ஒரு கையெழுத்து. யாரோடது?"

என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அப்பத்தாதான் சொன்னது. "எம் பேத்திதாம்மா. படிச்ச புள்ள."

அந்த நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. அப்பத்தாவின் குரலில் அப்போதும் பெருமைதான் இருந்தது, அதுதான் தாங்கவில்லை.

"அப்ப உனக்கு என்ன வயசு?" என்று கேட்டார். "பதினாறு, மேடம்." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பதினாறு வயசுப் பொண்ணு ஒரு சைக்கிளைத் தவணைக்கு வாங்கக்கூட ஒப்பந்தம் போட முடியாது. ஒப்பந்தச் சட்டம் பதினொண்ணாவது பிரிவு. அவகிட்ட, பதினெட்டுப் பக்கம் இங்கிலீஷ் பத்திரத்தைத் தமிழ்ல விளக்கினதா எழுதி வாங்கியிருக்காங்க. இதைத்தான் முதல்ல எடுத்துக் காட்டணும்" என்றார். என் தப்பே எங்களுக்கு ஆதாரமாகவும் ஆனது. வேடிக்கை!

நாலைந்து தடவை அவரிடம் போனதில் நான் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். சிவில் படிக்கிறவளுக்கு இந்த சிவில் எதற்கு என்று கேட்காதீர்கள்.

படிக்கத் தெரியாதவரைச் சட்டம் அம்போ என்று விட்டுவிடவில்லை. இது இன்று நேற்று வந்ததும் இல்லை. இங்கிலாந்தில் 16-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வழக்கு. தரோகுட் வழக்கு என்று பெயர். படிக்கத் தெரியாத ஒருவரிடம், நிலுவை வாடகையை விட்டுக்கொடுக்கிற பத்திரம் என்று சொல்லி, எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கிற பத்திரத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டார்கள். தப்பாகப் படித்துச் சொன்ன பத்திரம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பானது. நம் நாட்டில் 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம்தான் இன்றும் இருக்கிறது. ஏமாற்றியோ, தவறாகச் சொல்லியோ, மேல் கையில் இருப்பவர் அழுத்தம் கொடுத்தோ வாங்கிய சம்மதம் சுதந்திரமான சம்மதம் இல்லை என்று அது சொல்கிறது. வெளியுலகம் தெரியாத கோஷா பெண்களுக்காகப் பிரிவி கவுன்சில் காலத்தில் ஒரு விதி உருவானது. பத்திரத்தால் லாபம் அடைகிறவர்தான், எழுதிக் கொடுத்தவருக்கு விஷயம் புரிந்திருந்தது என்று நிரூபிக்க வேண்டும். அதே பாதுகாப்பைப் படிப்பறிவில்லாத பெண்களுக்கும், சில வழக்குகளில் வயதான ஆண்களுக்கும்கூட நம் நீதிமன்றங்கள் கொடுத்திருக்கின்றன.

1968-ல் சுப்ரீம் கோர்ட் முன்னால் வந்தது நிங்கவ்வா வழக்கு. இரண்டு நிலத்துக்குத் தான செட்டில்மெண்ட் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, வேறு இரண்டு நிலத்தையும் அதே பத்திரத்தில் நுழைத்துவிட்டார் ஒரு கணவர். அந்தத் தீர்ப்பில் ஒரு வித்தியாசம் சொல்லப்பட்டது. இது எந்த வகைப் பத்திரம் என்பதிலேயே ஏமாற்றியிருந்தால், அதாவது கடன் பத்திரம் என்று சொல்லிக் கிரயப் பத்திரத்தில் வாங்கியிருந்தால், அது செல்லவே செல்லாது. பத்திரத்தின் வகை தெரியும், உள்ளே இருக்கும் விவரத்தில்தான் ஏமாற்று என்றால், அது தானாகச் செல்லாமல் போகாது. நாம் கோர்ட்டுக்குப் போய்ச் செல்லாது என்று ஆக்க வேண்டும். அதற்கும் கெடு உண்டு, விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷம். எங்கள் வட்டிக் கணக்கு இந்த இரண்டாவது ரகம்.

புரோநோட்டுச் சமாசாரம் இதைவிட மோசம். 1881-ஆம் வருட மாற்று முறை ஆவணச் சட்டத்தின் 20-வது பிரிவின்படி, ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலே, "நிரப்பிக்கொள்" என்று அதிகாரம் கொடுத்ததாக அர்த்தமாம். எவ்வளவு வரை? அந்த ஸ்டாம்ப் தாங்குகிற தொகை வரை. கேட்டவுடன் திருப்பித் தர வேண்டிய புரோநோட்டுக்கு அந்த ஒரு ரூபாய் ஸ்டாம்பே எத்தனை லட்சத்தையும் தாங்கும்! ஆனால் அதே பிரிவின் கடைசியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பேசிய தொகைக்கு மேல், முதலில் வாங்கிய ஆள் வசூலிக்க முடியாது. சரி, பேசிய தொகை எவ்வளவு என்று எப்படிக் காட்டுவது? அங்கேதான் எங்கள் அப்பத்தா எல்லோரையும் ஜெயித்தது. தவணை கட்டும்போது தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவார்களே, அந்த மஞ்சள் அட்டை, அதைச் சுருக்குப் பையில் வெற்றிலையோடு பத்திரமாக வைத்திருந்தது. மேலே 'கடன் தொகை 60,000' என்று அவர்கள் கையாலேயே எழுதியிருந்தது. சுண்ணாம்புக் கறை படிந்த அந்த அட்டையை வக்கீல் அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

முடிவில் கோர்ட் வரை போகவில்லை. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனது. ஒரு லட்சம் என்ற பேச்சே போய்விட்டது. அபராத வட்டி இல்லை. மிச்சம் ஏழு தவணை, 25,900 ரூபாய், மாதா மாதம் கட்ட வேண்டும், புரோநோட்டை ரத்து செய்து திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். மக்கள் நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது என்பதால் அத்தோடு முடிந்தது. முழு நியாயமா என்று கேட்டால், இல்லை. அந்த வட்டிக் கணக்கை யாரும் தொடவில்லை. ஆனால் அப்பத்தா அன்றைக்குச் சாப்பிட்டது.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, இலவச வக்கீல்கூட இருக்கிறார். பிறகு எதற்கு இந்தப் புலம்பல்? ஏனென்றால், இந்தப் பாதுகாப்பு எல்லாமே கையெழுத்துப் போட்ட பிறகு வருகிறது. வீடு போகும் என்ற பயத்தில் மூன்று நாள் பட்டினி கிடந்த பிறகு வருகிறது. அதுவும் கோர்ட் வாசலை மிதிக்கிறவருக்குத்தான் வருகிறது.

இன்னொன்று. 'படித்துக் காட்ட வேண்டும்' என்று நீதிமன்றங்கள் எதிர்பார்த்தது படிக்கத் தெரியாதவரைக் காப்பாற்ற. அதைப் பத்திரம் தயாரிக்கிறவர்கள் என்ன செய்தார்கள்? 'படித்துக் காட்டினேன்' என்று ஒரு வரியை அச்சடித்து, அதற்கும் கீழே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அதையும் இங்கிலீஷில்! கேடயத்தைப் பிடுங்கி அதாலேயே அடிக்கிற வேலை இல்லையா இது? அந்த வரியில் கையெழுத்துப் போட யார் கிடைப்பார்கள்? வீட்டில் முதல் முதலாகப் படிக்கிற பிள்ளை. நீங்களும் நானும். எத்தனை பேர் இப்படிப் போட்டிருக்கிறோம், கையைத் தூக்குங்கள் பார்ப்போம்!

கைநாட்டு வைக்கிறவரைவிட எங்கள் அப்பத்தா மாதிரி ஆட்கள் இன்னும் அதிக ஆபத்தில் இருக்கிறார்கள் என்பது என் எண்ணம். ரேகை வைத்தவர் "எனக்குப் படிக்கத் தெரியாது" என்றால் அந்த ரேகையே ஓரளவு சாட்சி சொல்லும். ஐந்து எழுத்து எழுதத் தெரிந்தவர் அதையே சொன்னால், "கையெழுத்துப் போடத் தெரியுதே?" என்று மடக்குவார்கள். மக்கள் தொகைக் கணக்கெடுப்பில்கூட, ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தால்தான் எழுத்தறிவு பெற்றவர் என்று எழுதுகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அப்படிப்பட்டவர்கள் சுமார் 80 சதவீதம். மீதி இருபதில் தன் பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! இன்னும் சொன்னால், இங்கிலீஷ் பத்திரத்துக்கு முன்னால் அந்த 80-லும் பெரும்பாதி கைநாட்டுத்தான். அன்றைக்கு அந்தத் திண்ணையில் நானும் கைநாட்டுத்தான். கோடு இழுத்த கைநாட்டு!

ரிஜிஸ்தர் ஆபீசில் போய்ப் பாருங்கள். 2001-ல் திருத்திய சட்டப்படி கலெக்டரே வந்து சொத்தை விற்றாலும் போட்டோவும் விரல் ரேகையும் உண்டு. ஆள் மாறாட்டம் நடக்காமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே அதிகாரி கேட்க வேண்டிய கேள்வி, "நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்களா?" என்பது. "என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்பது வேறு கேள்வி. கடனுக்கு ஈடு என்று நினைத்துக்கொண்டு கிரய ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள், முதல் கேள்விக்கு "ஆமாங்க" என்று தலையாட்டிவிட்டுத்தான் வருகிறார்கள்.

விதிகள் கொஞ்சம் கொஞ்சமாக நல்ல பக்கம் நகர்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் முதல், ஏழைக் குடும்பங்களுக்கான குழுக்கடன் போன்ற சிறு கடன்களுக்கு, வட்டி விவரத் தாளும் கடன் அட்டையும் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது என்றும் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் பேங்க், பைனான்ஸ் கம்பெனி எதுவானாலும், புதிய சில்லறைக் கடனுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்றைப் புரிகிற மொழியில் கொடுத்து, விளக்கி, புரிந்தது என்று ஒப்புதல் வாங்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்த உண்மையான வருட வட்டி அதில் இருக்க வேண்டும். எங்கள் கடன் 2023. ஒன்றேகால் வருஷம் முந்திவிட்டோம்! ஆனாலும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. 'புரிந்தது என்று ஒப்புதல்' என்றால் என்ன? இன்னொரு கையெழுத்து. அதை யார் திண்ணையில், எந்தப் பேத்தியிடம் வாங்குவார்கள்?

நான் கேட்பது இதுதான். பத்திரத்தைப் படித்துக் காட்டுகிறவர் பணம் கொடுக்கிறவரின் ஆளாக இருக்கக் கூடாது, வாங்குகிறவர் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கக் கூடாது. சட்டப் பணிகள் குழுவில் பயிற்சி பெற்ற தன்னார்வத் தொண்டர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் படித்துக் காட்டட்டும். அதை செல்போனில் பதிவு செய்யட்டும், இன்றைக்கு அது ஒரு கஷ்டமா? பத்திரம் ஒரு ராத்திரியாவது வாங்குகிறவர் வீட்டில் இருக்கட்டும். நிரப்பாத புரோநோட்டில் வாங்கிய கையெழுத்து, படிக்கத் தெரியாதவருடையது என்றால் அடியோடு செல்லாது என்று சட்டத்தைத் திருத்தட்டும்.

இதைச் சொன்னதும் என் தோழி ஒருத்தி சண்டைக்கு வந்தாள். "இவ்வளவு கெடுபிடி பண்ணினா படிக்காதவங்களுக்கு எவனும் கடன் கொடுக்க மாட்டான். அப்புறம் கந்துவட்டிக்காரன் காலில்தான் விழணும்" என்றாள். அவள் வீட்டில் பூ வியாபாரம். காலையில் வாங்கிச் சாயந்திரம் கட்டுகிற கடனைப் பார்த்து வளர்ந்தவள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவசரத்துக்கு வாங்குகிறவருக்கு ஒரு ராத்திரி என்பது பெரிய விஷயம்தான். அந்தச் சின்னக் கடனை விட்டுவிடலாம். ஆனால் இரண்டு வருஷம் கட்டப்போகிற கடனுக்கு ஒரு ராத்திரி காத்திருக்க முடியாது என்று அவசரப்படுத்துகிறவர் யார்? எங்கள் திண்ணையில் வாட்சைப் பார்த்தது அப்பத்தா இல்லையே!

கடைசியாக ஒரு விஷயம். இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன்.

போன லீவில் டிரெய்னிங்குக்கு ஒரு சைட்டுக்குப் போனேன். சனிக்கிழமை சம்பளம். சூப்பர்வைசர் என் கையில் மஸ்டர் ரோலையும் இங்க் பேடையும் கொடுத்து, "வரிசையா ரேகை வாங்கிக்கம்மா" என்றார். சித்தாள் அம்மாக்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். சிமெண்ட் தின்ற விரல், ரேகையே சரியாக விழவில்லை. இரண்டு தடவை, மூன்று தடவை அமுக்க வேண்டியிருந்தது. பாதி வரிசை முடிந்த பிறகுதான் கவனித்தேன், தொகைக் கட்டம் பென்சிலில் எழுதியிருந்தது. பேனாவில் இல்லை, பென்சிலில். "ஏன் சார்?" என்று கேட்டேன். "அப்புறம் டோட்டல் சரி பண்ணிக்கலாம்" என்றார். ஒப்பந்தக் குழு அமைப்பில் டெண்டர், அக்ரிமெண்ட், முன்வைப்புத் தொகை, தாமத அபராதம் என்று ஒரு பாடம் முழுக்கப் படிக்கிறோம். இரண்டு பெரிய மனிதர்கள் போட்டுக்கொள்கிற ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை மாறினால் என்ன ஆகும் என்று பத்து மார்க் கேள்வி வருகிறது. பென்சில் தொகைக்கு நேரே வைத்த ரேகை பற்றி ஒரு மார்க் கேள்விகூட இல்லை.

அன்றைக்கு நான் மீதி வரிசைக்கும் ரேகை வாங்கி முடித்தேன். ஒவ்வொருத்தரிடமும் "அம்மா, ஆறு நாளைக்கு இவ்வளவு போட்டிருக்கு, சரியா?" என்று தொகையை வாய்விட்டுப் படித்தேன், அவ்வளவுதான் செய்ய முடிந்தது. இரண்டு பேர் "இல்லையே கண்ணு, ஆறு நாள் இல்ல, ஆறரை" என்றார்கள். திருத்தினோம். சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை இங்க் பேடை என்னிடம் கொடுக்கவுமில்லை. நாளைக்கு நம்மில் பாதிப் பேர் அந்த சூப்பர்வைசர் நாற்காலியில்தான் உட்காரப் போகிறோம்.

நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கிரிக்கெட் போட்டி நடத்துகிறோம், ரத்ததான முகாம் நடத்துகிறோம், நல்லது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மேஜை, நாலு நாற்காலி போடுவோம். யார் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தாலும் படித்துச் சொல்வோம். புரியாததைப் புரியவில்லை என்று சொல்லி, சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்புவோம். எதிலும் கையெழுத்து மட்டும் போட வேண்டாம். வக்கீல் அம்மாவிடம் பேசிவிட்டேன், முதல் நாள் வந்து எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தருகிறேன் என்றிருக்கிறார். அப்பத்தாவும் வருகிறேன் என்கிறது. அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லித் தருமாம்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் மூன்றாம் ஆண்டு சிவில் வகுப்பில் மதிய இடைவேளையில் என்னைப் பார்க்கலாம். இங்கிலீஷ் அவ்வளவாக வராதே என்று தயங்க வேண்டாம், எனக்கும் வராது. டிக்ஷனரி இருக்கிறது. அரியர் இருக்கிறவர்களும் வரலாம். எனக்கும் ஒன்று இருக்கிறது.